தமிழ்த்தாளும் டென்த் பாஸும்

திறந்த மடல்
பெறுநர்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியிலுள்ள அரசு நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் எதுவும் நடப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தமிழ்த்தாள். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் குறைந்தது 35. ஒரு பாடத்தில் கூடுதலாக வாங்கியதை இன்னொரு பாடத்துக்கு ஈடாகக் காட்ட முடியாது. கணக்கில் 95 எடுத்த பிள்ளை தமிழில் 34 எடுத்தால் முடிவு ‘பெயில்’தான். மேல்நிலை வகுப்பு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.யின் பெரும்பாலான பிரிவுகள் என்று அடுத்து இருக்கும் எல்லாக் கதவுகளும் இந்தத் தேர்ச்சியைக் கேட்டே திறக்கின்றன. ஆகவே தமிழில் எழுதப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு அரசு அதிகாரபூர்வமாக விடை கேட்கும் இடம் இந்த ஒரு தாள்தான். கேட்கப்படும்போது பிள்ளைக்கு வயது பதினைந்து ஆகியிருக்கும்.

2006 வரை நிலைமை வேறு. முதல் பகுதி மொழியாகத் தமிழுக்குப் பதில் வேறொரு மொழியை எடுத்துப் படிக்கலாம். தெலுங்கு, உருது, மலையாளம் ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அப்படிப் படித்தார்கள். மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்று இந்தியையோ சமஸ்கிருதத்தையோ பிரெஞ்சையோ எடுத்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தமிழ் ஒரு வரி எழுதத் தெரியாமல் தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடிக்க முடிந்தது. அந்த ஆண்டு மு. கருணாநிதி அரசு கொண்டுவந்த தமிழ் கற்றல் சட்டம் இந்த வழியை அடைத்தது. முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், நான்காம் பகுதியில் தமிழும் ஆங்கிலமும் தாய்மொழியாக இல்லாதவர்கள் விரும்பினால் தங்கள் தாய்மொழி என்று ஏற்பாடு. 2006-07-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறிய சட்டம் 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சி.பி.எஸ்.இ. போன்ற பிற வாரியப் பள்ளிகளுக்கும் இதே படிமுறையை விரித்து 2014-இல் அரசாணை வந்தது. அந்தக் கணக்குப்படி அங்கும் தமிழ் 2024-25-இல் பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்கிறது. தொழிற்சாலைகளில் பொறியாளராகவும் மேலாளராகவும் வேறு மாநிலங்களிலிருந்து வந்திருப்போரின் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பள்ளிகளில் இருப்பதால், இந்த ஆணை தொழிற்பகுதிக்கும் உரியது.

சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒரு மாநிலத்தில் வளரும் பிள்ளை அந்த மாநிலத்தின் மொழியை வாசிக்கக் கற்பது அந்தப் பிள்ளைக்கு நன்மை. சிக்கல் நடைமுறையில் வந்தது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்றன, விலக்கு கேட்டன, பெற்றன. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கு அளித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேலும் ஓராண்டுக்கு நீட்டித்தது. இந்த வழக்குகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைக்கும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருதுப் பிள்ளைக்கும் கன்னியாகுமரி மலையாளப் பிள்ளைக்கும் பின்னால் பல தலைமுறைப் பள்ளிகள், சங்கங்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரகடத்து லைன் வீட்டில் அப்பாவின் ஷிஃப்ட் முடியக் காத்திருக்கும் ஒடியாப் பிள்ளைக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. அந்தப் பிள்ளையின் பெயரை எந்த மனுவிலும் காண முடியாது. அதன் தமிழ்த்தாளைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே அமைப்பு பள்ளி மேலாண்மைக் குழு.

தாளையே எடுத்துப் பார்ப்பது பயன் தரும். குழுவிலுள்ள பெற்றோர் பலருக்கும் நினைவிருப்பது முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டாகப் பிரிந்திருந்த பழைய தமிழ்த் தேர்வு. 2019-20 கல்வியாண்டிலிருந்து இரண்டும் ஒரே தாளாகிவிட்டன. இப்போதைய அமைப்பில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15, இரு மதிப்பெண் வினாக்களுக்கு 18, மும்மதிப்பெண் வினாக்களுக்கு 18, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 25, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 24. இதில் திருக்குறளை அலகிட்டு வாய்பாடு எழுதுவதும் உண்டு, நூலக உறுப்பினர் படிவம் போன்ற ஒன்றை நிரப்புவதும் உண்டு. மனப்பாடப் பாடலை அடிமாறாமல் எழுத வேண்டும். செய்தித்தாளின் ஆசிரியருக்கோ உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கோ கடிதம் எழுத வேண்டும். ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு படம் வரும். கொடுத்த குறிப்புகளை வைத்துப் பொதுக்கட்டுரை எழுத வேண்டும். இலக்கணம், இலக்கிய நயம், மொழிபெயர்ப்பு, கலைச்சொல் எல்லாம் இருக்கும். மொழியின் ஆழமும் அன்றாடப் பயன்பாடும் ஒரே தாளில் கலந்து கிடக்கின்றன.

இந்தத் தாளில் 35 எடுக்கும் வழி ஆசிரியர்களுக்குத் தெரியும். ஒரு மதிப்பெண் வினாக்களில் 9, மனப்பாடப் பாடலும் குறளும் சேர்த்து 4, கடிதம், படிவம், காட்சி மூன்றுக்குமான பதினைந்தில் 12, பொதுக்கட்டுரையில் 5, கலைச்சொல், தொடர் அமைத்தல் போன்ற சிறு வினாக்களில் 5. கூட்டினால் 35. ‘மெல்லக் கற்போர்’ என்று பெயரிட்டு, ஜனவரிக்குப் பிறகு மாலை வகுப்பில் தனியே உட்காரவைத்து, சிறு கையேட்டைக் கையில் கொடுத்துப் பழக்கப்படுத்தப்படும் பிள்ளைகள் இந்த வழியில்தான் நடத்தப்படுகிறார்கள். கடிதத்தின் அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற சட்டகம் கைக்குப் பழகிவிடும். உள்ளே எழுதும் நான்கு வரியும் அப்படியே. ஒரு பிள்ளை முன்பின் பார்த்திராத அரைப்பக்கத்தைப் படித்து அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று சொல்ல முடியுமா என்பதற்குத் தாளில் இருக்கும் இடம் மிகச் சிறியது. படித்து விடையளிக்க வரும் பத்தியும் பாடலும் பெரும்பாலும் பாடநூலுக்குள்ளிருந்தே வருகின்றன. இதில் ஆசிரியர்மீது பழி போடுவது நியாயமாகாது. ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை வாசிப்பே வராத பிள்ளையைக் கடைசி மூன்று மாதத்தில் கரையேற்றச் சொன்னால் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. தமிழில் 35 வாங்கியதால் ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று கொள்ள முடியாது. இன்னொரு பக்கம், இத்தனை சலுகையான வழி இருந்தும் 35 வாங்காத பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி ஒரு சொல்லை எழுதுவதே கடினமாக இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டாவது வகையினர் எத்தனை பேர் என்பதை 2022-ஆம் ஆண்டு முடிவுகள் காட்டின. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வை 9,12,620 பேர் எழுதினர், 8,21,994 பேர் தேர்ச்சி பெற்றனர். தமிழில் தேறாதவர்கள் 47,055 பேர். அதாவது தேர்ச்சி பெறாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழைத் தவறவிட்டிருந்தார்கள். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்த ஒன்றரை ஆண்டு அதற்கு ஒரு பெரிய காரணம். அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பின் முடிவையும் ஒன்பதாம் வகுப்பின் பெரும்பகுதியையும் பள்ளியைக் காணாமலே கடந்தவர்கள். ஆனால் வாசிப்பு ஒருமுறை நன்றாக வந்துவிட்டால் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் முற்றாக மறந்துபோவதில்லை. அது அதற்கு முன்பே வந்திருக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். அடுத்த ஆண்டு மார்ச் 13 அன்று தொடங்கிய பிளஸ் டூ பொதுத்தேர்வின் மொழித்தாளுக்குச் சுமார் 50,000 பேர் வரவேயில்லை. பள்ளிக் கல்வித் துறையையே திகைக்கவைத்த எண்ணிக்கை அது. தோற்பது தெரிந்தால் பிள்ளைகள் தேர்வறைக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள். அதன் பிறகு தேர்ச்சி விழுக்காடு ஏறியது. 2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. ஏறிய விழுக்காட்டில் எவ்வளவு வாசிப்பு, எவ்வளவு கையேடு என்பது மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

தமிழ்த்தாளில் சிக்குவோரில் முதல் வகை உள்ளூர்ப் பிள்ளை. வல்லம், மாத்தூர், எறையூர், வைப்பூர் என்று நிலம் தொழிற்பேட்டைக்குப் போன ஊர்களின் பிள்ளை. வீட்டில் தமிழ்தான். பேச்சில் ஒரு குறையும் இருக்காது. எட்டாம் வகுப்பு வரை ஆல்பாஸ். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் யாரையும் எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-இல் மத்திய அரசு அந்தப் பிரிவைத் தளர்த்தியபோது ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழ்நாட்டிலும் அரசாணை வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது சரிதான். பத்து வயதுப் பிள்ளையைப் பெயிலாக்கினால் வாசிப்பு வந்துவிடாது, பள்ளியை விட்டு நிற்பதுதான் நடக்கும். ஆனால் அந்தச் சட்டம் நிறுத்திவைப்பதைத் தடுத்ததோடு முடிக்கவில்லை. தொடர்ந்து மதிப்பிட வேண்டும், பின்தங்கியவர்களுக்குத் தனியே கற்பிக்க வேண்டும் என்றும் சொன்னது. நடைமுறையில் முதல் பாதி நிலைத்தது, இரண்டாம் பாதி ஆசிரியரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டது.

இரண்டாவது வகை வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளை. இந்தத் தொழிற்பகுதியில் இது தனிக் கவனம் கேட்கும் விஷயம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியபோது லைனில் நின்றவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் ஐ.டி.ஐ., டிப்ளமோ இளைஞர்கள். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்து, அதைத் தொடர்ந்து லாரி, மோட்டார் சைக்கிள், டயர், உதிரிபாக ஆலைகள் நிரம்பியபோது கட்டுமானத்துக்கும் சுமைப்பணிக்கும் சிறு பட்டறைகளுக்கும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட் ஆட்கள் வந்தார்கள். தனியாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் சில ஆண்டுகளில் குடும்பத்தைக் கூட்டிவந்தார்கள். இவர்களைத் தவிர, சென்னையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, மழைக்கு முன் திரும்பிவிடுவோரும் இருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளில் ஒன்றாம் வகுப்பிலேயே சேர்ந்தவர்களைப் பற்றிப் பெரிய கவலை வேண்டியதில்லை. இரண்டு ஆண்டில் தமிழ் பேசுவார்கள், நான்காம் வகுப்பில் வகுப்புத் தலைவராகவும் இருப்பார்கள். இடரில் இருப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில் வந்து சேரும் பிள்ளை. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அதை வயதுக்கேற்ற வகுப்பில், அதாவது ஆறிலோ ஏழிலோ சேர்க்கச் சொல்கிறது. அதே பிரிவு, உடன் படிப்போரோடு சமநிலைக்கு வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையையும் தருகிறது. பதினான்கு வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை இலவசக் கல்வி உண்டு என்றும் சொல்கிறது. சேர்க்கை பெரும்பாலும் நடந்துவிடுகிறது. பயிற்சிதான் நின்றுபோகிறது. ஏழாம் வகுப்பில் உட்காரும் அந்தப் பிள்ளை கணக்கைப் பார்த்துப் போட்டுவிடும், ஆங்கிலத்தில் ஏதோ ஒப்பேற்றிவிடும். தமிழில் அ, ஆ எழுதத் தொடங்கி மூன்றே ஆண்டில் அலகிடுதலுக்கு வர வேண்டும். உயிர்மெய் வரிசை பழக்கமாவதற்குள் புணர்ச்சி விதி வந்து நிற்கும். வகுப்பில் நாற்பது பேரோடு இருக்கும் ஒரு தமிழாசிரியரால் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

அரசுத் தரப்பில் இதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை ‘தமிழ் மொழி கற்போம்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராதவர்களுக்காக 2025-26-இல் ‘திறன்’ தொடங்கியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ பின்னர் ஐந்தாம் வகுப்புவரை விரிந்தது. இவற்றில் ‘திறன்’ குழுவினர் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று, ஏனெனில் அது பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசி நான்கு வகுப்புகளைத் தொடுகிறது. இந்தத் திட்டங்களின் பொதுவான பலவீனம், எந்தப் பிள்ளைக்குத் தேவையோ அது பட்டியலில் இருக்கிறதா என்பதை உள்ளூரில் யாரும் சரிபார்ப்பதில்லை என்பது. மாணவர் விவரப் பதிவேடான எமிஸில் தாய்மொழிக் கட்டத்தில் எதுவோ நிரப்பப்பட்டிருக்கும். அந்தப் பிள்ளை எந்த மாநிலத்திலிருந்து, எந்த மாதத்தில், எத்தனை வகுப்புப் படித்துவிட்டு வந்தது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும், சில நேரம் அவருக்கும் தெரியாது.

மூன்றாவது வகை எண்ணிக்கையில் சிறியது, ஆனால் எளிதில் தீரக்கூடியது. டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு உள்ளவர்கள், செவித்திறன் குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. இதற்கு மருத்துவச் சான்றோடு உரிய காலத்தில் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளிப் பெற்றோருக்கு இது நன்றாகத் தெரியும். தொழிற்பகுதிக் கிராமத்தில் இதே பிள்ளை ‘படிப்பு ஏறாதவன்’ என்ற பெயரோடு பத்தாம் வகுப்பு வரை வந்துவிடுகிறான். ஒன்பதாம் வகுப்பிலேயே சான்று வாங்கப்பட்டால் அந்த ஒரு பிள்ளையின் தமிழ்த்தாள் சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்த மூன்று வகையினரும் தமிழில் தவறினால் என்ன ஆகிறார்கள் என்பதைத் தொழிற்பகுதியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிப்காட் கேட்டுக்கு வெளியே ஆள் எடுக்கும்போது முதலில் கேட்பது சான்றிதழ். நிரந்தர வேலைக்கு டிப்ளமோ, ஐ.டி.ஐ.; அசெம்ப்ளி லைனில் ட்ரெய்னியாகச் சேரப் பல இடங்களில் பிளஸ் டூ. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், ஒயர்மேன் போன்ற சிலவற்றில் எட்டாம் வகுப்பு போதும், இது பெயிலானவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வழி. எதுவும் இல்லாதவர்களுக்கு கான்ட்ராக்டர் வழியாக ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், லோடிங். வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 படுக்கைகள் கொண்ட பெண் தொழிலாளர் விடுதி, ஒரு மின்னணு ஆலைக்கு எத்தனை இளம்பெண்கள் தேவைப்படுகிறார்கள் என்பதற்குச் சாட்சி. அந்தப் படுக்கைகளில் பெரும்பாலானவை வெளி மாவட்டங்களிலிருந்து வரும் பிளஸ் டூ, டிப்ளமோ பெண்களுக்காக. பக்கத்து ஊரில் தமிழில் 28 எடுத்து வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அந்த ஆலையில் வேலையில்லை.

சான்றிதழை விட்டுவிட்டு வாசிப்பை மட்டும் பார்த்தாலும் தேவை குறையவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைக்குள் ஒட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108-ஆம் பிரிவில் விதித்தது. படிப்பதற்கு ஆள் உண்டு என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதி அது. ஒர்க் இன்ஸ்ட்ரக்ஷன் தாள், பிரஸ் மெஷினில் கைவைப்பதற்கு முன் படிக்கவேண்டிய எச்சரிக்கை, பி.எஃப். படிவத்தின் நியமனதாரர் பகுதி, வேலையை விட்டு நிற்கும்போது கையெழுத்துக் கேட்கும் காகிதம் ஆகியவை எல்லாம் முன்பின் பார்த்திராத பத்திகள். கையேட்டில் பழகிய கடிதச் சட்டகம் இங்கே உதவாது. அரசு வேலைப் பக்கம் போனாலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம். குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

வெளிநாட்டு அனுபவத்தில் இரண்டு இங்கே பயன்படும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பத்தாம் வகுப்பில் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரிலேயே ஒரு தேர்வு உண்டு. 2002-இலிருந்து அதில் தேறுவது பள்ளிப் பட்டயத்துக்கு நிபந்தனை. 200 முதல் 400 வரையிலான அளவுகோலில் 300 எடுக்க வேண்டும். ஸ்கார்பரோவின் ஈழத் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இதை ஆங்கிலத்தில் எழுதிக் கடந்திருக்கிறார்கள். பாடநூல் இலக்கியம் அதில் கிடையாது. செய்தி, தகவல் பத்தி, உரையாடல் என்று பிள்ளை முன்பு பார்த்திராதவற்றைப் படித்துப் புரிந்து எழுதுவதே முதன்மை. இன்னும் முக்கியமானது வேறு. புதிதாகக் குடியேறி ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தேர்வைத் தள்ளிவைக்கலாம். தேர்வில் தவறியவர் அதற்கு ஈடான ஒரு பாடவகுப்பை முடித்தும் நிபந்தனையை நிறைவுசெய்யலாம். கதவு ஒன்று, நுழைவழி இரண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இன்னும் ஒரு படி போனது. 2003-இல் பள்ளி முடித்த வகுப்பிலிருந்து மாநிலத் தேர்வுத் தேர்ச்சியைப் பட்டயத்துக்கு நிபந்தனையாக வைத்திருந்த அந்த மாநிலத்தில், 2024 நவம்பரில் வாக்காளர்களே வாக்களித்து அந்த நிபந்தனையை நீக்கினார்கள். தேர்வு தொடர்கிறது, அதைக் காட்டிப் பட்டயத்தை நிறுத்திவைப்பது மட்டும் போய்விட்டது. தமிழ்நாடு இவற்றில் எதையும் அப்படியே எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இடையில் வந்து சேர்ந்த பிள்ளைக்குத் தள்ளிவைப்பும் மாற்றுவழியும் ஒரு மாகாணத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக இயங்குகின்றன, அதனால் அங்கே தரம் கெட்டுவிடவில்லை. தீர்மானம் நிறைவேற்றிக் கல்வித் துறைக்கு அனுப்பத் தகுந்த கோரிக்கை இது.

அத்தகைய மாற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகள் குழுவின் கையிலேயே இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி, அதையொட்டிக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அன்றிலிருந்து மாதக் கூட்டம் நடக்கிறது. பெரும்பாலான கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தில் இருப்பவை சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர், ஸ்மார்ட் போர்டு. இவை தேவையானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் எத்தனை பேருக்கு வாசிக்க வரவில்லை என்று ஒரு வரி அந்தப் புத்தகத்தில் இருப்பது அரிது.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பத்தி, அல்லது அன்றைய செய்தித்தாளில் எளிய ஒரு செய்தி போதும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து வாசிக்கச் சொல்லி, படித்ததைத் தன் வாயால் சொல்லச் சொன்னால் ஒரு வாரத்தில் படம் தெளிவாகிவிடும். பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு பல ஆண்டுகளாக ஊர் ஊராகச் சென்று செய்வதும் இதுவே. எட்டாம் வகுப்பில் இருந்தும் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க இயலாதவர்கள் கணிசமாக உண்டு என்பது அதில் திரும்பத் திரும்பத் தெரிய வந்த செய்தி. வகுப்பின் நடுவில் எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்லக் கூடாது. தடுமாறும் பிள்ளை மறுநாள் வராது. பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டவும் கூடாது. இப்படிக் கிடைக்கும் பட்டியலைத் தலைமையாசிரியர் ‘திறன்’ பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டவர்கள் யார் என்பது வெளிப்படும்.

வெளிமாநிலப் பிள்ளைக்குச் சேர்க்கையே முதல் தடை. டி.சி. இல்லை, ஆதாரில் முகவரி வேறு என்று திருப்பியனுப்புவது கல்வி உரிமைச் சட்டத்துக்கு விரோதம். கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. குழுவிலுள்ள வார்டு உறுப்பினருக்கு எந்த லைன் வீட்டில் எந்த மாநிலத்தார் இருக்கிறார்கள் என்பது தெரியும். வீட்டு உரிமையாளர் பலரும் உள்ளூர்க்காரர்கள், சில ஊர்களில் குழு உறுப்பினர்களே. பிள்ளை சேர்ந்த நாளிலேயே அதன் தாய்மொழியும் முன்பு படித்த வகுப்பும் எழுதப்பட்டு, சிறப்புப் பயிற்சி கேட்டு வட்டார வள மையத்துக்குக் கடிதம் போனால் அந்தப் பிள்ளைக்கு மூன்று ஆண்டு கிடைக்கும். ஒன்பதாம் வகுப்பில் கவனித்தால் ஓராண்டு கிடைக்கும். பெற்றோரிடம் பேசுவதற்கு இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவர் தேவை. இத்தனை தொழிற்சாலைகள் உள்ள இடத்தில் அப்படி ஒருவர் கிடைக்காமல் போக வாய்ப்பில்லை, அவரைத் தேடுவதில்தான் யாரும் அக்கறை காட்டவில்லை.

தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் ஒன்று. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ வழியாகவும் நேரடியாகவும் இந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு நிதி வருகிறது. கம்பெனிகளுக்குக் கட்டடம் பிடிக்கும், ஏனென்றால் கட்டடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம். வாசிப்பில் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆனாலும் கேட்பவர் கேட்டால் கொடுப்பார்கள். ஆறு முதல் ஒன்பது வரை வாசிக்க வராதவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் தனியே கற்பிக்க ஓர் உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்ணுக்கு மாதச் சம்பளம், நூலகத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுவர் புத்தகங்கள், தமிழோடு இந்தி அல்லது ஒடியா சேர்ந்த படப் புத்தகங்கள். ஒரு வகுப்பறைக்கு டைல்ஸ் ஒட்டும் செலவில் இவை ஓராண்டு நடக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சிலர் தமிழில் தவறத்தான் செய்வார்கள். முடிவு வரும் மே மாதத்துக்கும் ஜூலையில் நடக்கும் துணைத்தேர்வுக்கும் இடையில் சில வாரங்களே உண்டு. விண்ணப்பிக்கக் கொடுக்கப்படும் நாட்கள் அதைவிடக் குறைவு. தேறிய நான்கு பாடங்களின் மதிப்பெண் அப்படியே இருக்கும், தமிழை மட்டும் எழுதினால் போதும், தேறினால் அதே ஆண்டு பிளஸ் ஒன்னில் சேரலாம் என்பதைப் பல குடும்பங்கள் அறியாமல், முடிவு வந்த வாரத்திலேயே பிள்ளையைக் கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. தவறியவர்களின் பட்டியல் முடிவு வந்த அன்றே தலைமையாசிரியரிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, வீடுவீடாகச் சென்று விண்ணப்பம் போடவைப்பது குழுவின் இரண்டு உறுப்பினர்கள் ஒரு சனி, ஞாயிறில் முடிக்கக்கூடிய வேலை. ஜூலையில் தேறாதவர்கள் பின்னர் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு விண்ணப்பிக்க அவர்கள் போகவேண்டிய சேவை மையம் எது, கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது என்பவற்றைப் பள்ளி வாசலிலும் லைன் வீட்டுத் தெருக்களிலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுவதும் இதோடு சேர்ந்ததே.